அடங்கலில் ஏறாத செடிகள்

கொரோனா காலத்தில் அரசு விவசாயிகளுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி யாராவது பேச்சை எடுத்தால் எங்கள் வீட்டில் இன்றும் சண்டை வரும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான். அதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. எங்களைப் போல நர்சரி வைத்திருப்பவர்கள் படித்தால் அவர்கள் பக்கத்துக் கதையையும் சொல்வார்கள்.

நாங்கள் இருப்பது ஓசூருக்குப் பக்கம். ஓசூர் ரோஜா என்றால் வெளியூர்க்காரர்களுக்கு பாலிஹவுஸும் பெட்டியில் அடுக்கிய நீளக் காம்புப் பூவும்தான் ஞாபகம் வரும். எங்களுக்கும் 2,000 சதுர மீட்டரில், அதாவது அரை ஏக்கரில், பாலிதீன் கூரை போட்ட ஒரு பாலிஹவுஸ் உண்டு. ஆனால் சோறு போடுவது நர்சரி. அடிச்செடிக்கு என்று வளர்க்கிற நேட்டல் பிரையர் ரோஜாவின் குச்சியை வெட்டி வேர்விட வைத்து, அதில் வேண்டிய ரகத்தின் கண்ணை ஒட்டி, பிளாஸ்டிக் நாடா சுற்றி, துளிர்த்ததும் மண் நிரப்பிய பிளாஸ்டிக் கவருக்கு மாற்றி வளர்த்து விற்பது. ஒட்டுக் கட்டும் அக்காமார் கத்தியைப் பிடிக்கிற வேகத்தைப் பார்த்தால் கண் கட்டிவிடும். பொங்கல் முடிந்ததும் கேட்டு வர ஆரம்பிப்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, அந்தப் பக்கம் மாலூர், கோலார், சிக்கபள்ளாப்பூர் வரை ஆட்கள் வண்டியோடு வருவார்கள். மே கடைசிக்குள் முக்கால்வாசி போய்விடும், ஜூன் மழைக்கு அவர்கள் நட வேண்டுமே.

2020-இல் உகாதி மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியதும் அதே மார்ச் 25. எங்கள் பக்கத்துப் பூக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. உகாதிக்கு பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் விற்கிற பூவை நம்பித்தான் பலரும் கடனுக்கே மருந்து வாங்கியிருப்பார்கள். அதோடு பங்குனி, சித்திரைக் கல்யாணங்கள் எல்லாம் போயின. பாலிஹவுஸ் ரோஜாவை விற்க வழியில்லை என்று வெட்டாமலும் விட முடியாது. செடியிலேயே மலர்ந்து உதிர விட்டால் பூசணம் பிடிக்கும், அடுத்த துளிரும் சரியாக வராது. ஆகவே தினமும் காலையில் வெட்டினோம். இருபது பூ ஒரு கட்டு என்று கட்டுகிற வேலை மட்டும் இல்லை, வெட்டியதை அப்படியே குழியில் கொட்டினோம். மருந்தடித்த பூ, மாட்டுக்கும் போட முடியாது.

இதெல்லாம் டிவியில் வந்தது. ரோஜாவை டிராக்டரில் கொண்டு போய்க் கொட்டுகிற காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நர்சரியில் நடந்தது டிவிக்கு ஆகாது, ஏனென்றால் பார்க்க எல்லாம் பச்சையாக இருந்தது.

கவரில் இருக்கிற செடிக்கு ஒரு வயது உண்டு. அதைத் தாண்டினால் வேர் அடித் துளை வழியாக வெளியே வந்து தரையில் இறங்கிவிடும். அப்புறம் தூக்கினால் வேர் அறுந்து செடி வாடும். அதனால் ஆள் வைத்து ஒவ்வொரு கவராகத் தூக்கி, வெளியே வந்த வேரைக் கிள்ளி, இடம் மாற்றி வைக்க வேண்டும். வெயிலில் கவர் நைந்து கிழிய ஆரம்பிக்கும், பெரிய கவருக்கு மாற்ற வேண்டும், அதற்கு மறுபடியும் செம்மண், தொழு உரம், தேங்காய் நார்க் கழிவு. மேலே வளர்ந்த குச்சியைக் கவாத்து செய்ய வேண்டும். தண்ணீர், களை, பூச்சி மருந்து எல்லாம் வழக்கம்போல. விற்காத பூ குழிக்குப் போய்விடும், அதோடு அதன் செலவு முடிந்தது. விற்காத செடி உட்கார்ந்து தினமும் செலவு வைக்கும். அந்த ஏப்ரல், மே மாதங்களில் எங்களிடம் 40,000 கவர் இருந்தது.

ஏப்ரல் 21-ஆம் தேதி மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. நாற்று, நடவுப் பொருள்களை மாநிலத்துக்குள்ளும் மாநிலம் விட்டு மாநிலமும் கொண்டு போகலாம், தேனீப் பெட்டியும் கொண்டு போகலாம் என்று. வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப சந்தோஷப்பட்டோம். மாலூர்க்காரருக்கு போன் செய்தால், "பூ விக்கிறதுக்கே வழியில்ல, செடி நட்டு என்னம்மா செய்யறது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். செடியைக் கொண்டு போக உத்தரவு போடலாம், செடியை நடச் சொல்லி யாருக்கும் உத்தரவு போட முடியாது.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

முதலில் வந்தது பி.எம். கிசான் 2,000 ரூபாய். மார்ச் 26-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த நிவாரணத்தில், 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே 2,000 ரூபாய் என்று இருந்தது. கேட்கும்போது புதுப் பணம் மாதிரி இருந்தது. ஆனால் அது வருஷத்துக்கு 6,000 என்று மூன்று தவணையாக எப்படியும் வரவேண்டிய பணம், முதல் தவணையை முன்கூட்டியே போட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மாமனார் பேரில் பட்டா இருப்பதால் அவருக்கு வந்தது. நர்சரி இருப்பது ரோட்டோரக் குத்தகை நிலத்தில். குத்தகைக்காரருக்கு அந்தத் திட்டத்தில் இடமே கிடையாது. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதிக்கு முன் நிலம் உன் பேரில் இருந்ததா என்பதுதான் கேள்வி, அந்த நிலத்தில் யார் குனிந்து வேலை செய்கிறார்கள் என்பது இல்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் இதே திட்டத்தில் தமிழ்நாட்டில் பெரிய மோசடி வெளியே வந்தது. விவசாயியே அல்லாத, தகுதி இல்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, சுமார் 110 கோடி ரூபாய் போயிருந்தது. ஒப்பந்த ஊழியர்களும் கணினி மையங்களும் புரோக்கர்களும் சேர்ந்து அதிகாரிகளின் கடவுச்சொல்லை வைத்துச் செய்த வேலை என்று சொன்னார்கள். அப்புறம் என்ன, ஒழுங்காக வாங்கிக் கொண்டிருந்த மாமனாரைச் சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். எழுபது வயதுக்கு மேல் ஆன மனிதர், முகக்கவசம் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டு வந்தார்.

இதற்கு நடுவில்தான் கர்நாடகம் அறிவித்தது. மே 6-ஆம் தேதி முதல்வர் எடியூரப்பா 1,610 கோடி ரூபாய் நிவாரணம் என்றார். சலவைத் தொழிலாளிக்கும் முடி திருத்துபவருக்கும் ஆட்டோ, டாக்சி ஓட்டுநருக்கும் ஆளுக்கு 5,000. பூ விவசாயிக்கு ஹெக்டேருக்கு 25,000, அதிகபட்சம் ஒரு ஹெக்டேர். மாநிலம் முழுக்க 11,687 ஹெக்டேர் பூ நஷ்டம் என்று கணக்கும் சொன்னார்கள். பூ என்று தனியாகப் பேர் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டதுமே எங்கள் பக்கம் ஒரே பேச்சு. என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருப்பது கர்நாடகத்து ஆனேக்கல் பக்கம். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கொஞ்ச தூரம். அதே செம்மண், அதே ரோஜா, அதே மார்க்கெட். அவர்களுக்கு ஒரு ஏக்கர். 0.4 ஹெக்டேருக்கு 10,000 ரூபாய் அவள் வீட்டுக்காரர் கணக்கில் வந்தது. பயிர் ஆய்வில் அவர்கள் பேர் ஏற்கெனவே இருந்ததால் அலைச்சல் அதிகம் இல்லை.

"மருந்துக்கடை பாக்கியிலே பாதி அடைச்சோம் அண்ணி, அவ்வளவுதான்" என்றாள். அவர்கள் நஷ்டத்துக்கு அது எந்த மூலைக்கு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பத்தாயிரத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. மறு வருஷம் இரண்டாம் அலையிலும் கர்நாடகம் பூவுக்கு ஹெக்டேருக்கு 10,000 என்று அறிவித்தது. குறைத்துவிட்டார்கள்தான், ஆனால் பூவை மறக்கவில்லை.

இந்தப் பக்கம் நமக்கு ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் வந்தது, 2021-இல் புது ஆட்சி வந்ததும் இரண்டு தவணையாக 4,000 வந்தது. அது எல்லோருக்கும் வந்த பணம், குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் எங்களிடம் வேலை செய்யும் அக்காமார் வீட்டில் அதுதான் அரிசி பருப்பு. 2021 பிப்ரவரி 5-ஆம் தேதி சட்டமன்றத்தில் முதல்வர் பழனிசாமி கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி, 16.43 லட்சம் விவசாயிகளுக்கு என்றார். தேர்தல் வந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இனிப்பு கொடுத்தார். எங்கள் கடன் கூட்டுறவில் இல்லை, வங்கியில். அதற்குத் தள்ளுபடி இல்லை.

வங்கிக் கடனுக்கு ஆறு மாதம் தவணை தள்ளி வைத்தார்கள், வட்டி மட்டும் ஓடியது. அந்த வட்டிக்கு வட்டியைத் திருப்பிக் கொடுப்பதாக அக்டோபரில் மத்திய அரசு சொன்னதே, நவம்பரில் எங்கள் பிக்கப் வண்டிக் கடன் கணக்கில் சில நூறு ரூபாய் வந்து விழுந்தது. பயிர்க்கடன், டிராக்டர் கடனுக்கு அது கிடையாது என்று நிதி அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. ஆக, அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் தொழிலுக்கு என்று அரசிடமிருந்து வந்த பணம் எவ்வளவு என்று கேட்டால், செடி ஏற்றுகிற வண்டிக்கு வந்த அந்தச் சில நூறுதான். செடிக்கு ஒன்றும் வரவில்லை.

தோட்டக்கலை அலுவலகம் ஒன்றுக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லிப் பேசினார். "அரசாணை வரட்டும்மா. ஆனா ஒண்ணு சொல்றேன், வந்தாலும் உங்க பாலிஹவுஸுக்குத்தான் வரும். நர்சரிக்கு வராது. அது வியாபாரம்ல?" என்றார். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதி வைக்கிற அடங்கலை எடுத்துக் காட்டினார். கவர் அடுக்கி வைத்திருக்கிற அந்த சர்வே எண்ணுக்கு நேரே தரிசு என்று எழுதியிருந்தது! கிராமக் கணக்கில் அப்படித்தான் இருக்கும், தரையில் எதுவும் விதைக்கவில்லையே. 40,000 செடி நிற்கிற தரிசு.

சரி வியாபாரம்தானே என்று, சிறு தொழில்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு நிலுவைக் கடனில் 20 சதவீதம் கூடுதல் கடன் அப்போது தந்தார்களே, அதைக் கேட்டு வங்கிக்குப் போனேன். சிறு தொழில் பதிவு இருக்கிறதா என்றார்கள். அதற்குப் போனால் நாற்று உற்பத்தி விவசாயத் தொகுப்பில் வருகிறது, பதிவில் சேராது என்றார்கள். இந்த மேஜையில் நான் வியாபாரி, அந்த மேஜையில் விவசாயி. பணம் கொடுக்கிற மேஜை எதுவோ அங்கே மட்டும் நான் மற்றது.

எனக்குக் கோபம் வந்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. எங்களை அரசுக்குத் தெரியாது என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். நாற்று விற்க உரிமம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நடவடிக்கை. உரிமம் வாங்கியவர் இருப்புப் பதிவேடு வைக்க வேண்டும், விற்றதற்கு ரசீது போட வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் 2019-இல் எந்த மாதம் எத்தனை செடி, யாருக்கு, என்ன விலைக்குப் போனது என்பது நீல அட்டை போட்ட நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. கட்டுப்படுத்த வேண்டும் என்றால் நாங்கள் பட்டியலில் இருக்கிறோம். கொடுக்க வேண்டும் என்றால் அந்தப் பட்டியலை யாரும் திறக்கவில்லை.

வேறு நாட்டில் எப்படிச் செய்தார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து படித்தேன். எங்களுக்கு ரோஜா ரகம் வருவதே ஹாலந்திலிருந்துதான், அங்கே 2020 ஏப்ரலில் தோட்டக்கலைத் தொழிலுக்கு, முக்கியமாகப் பூவுக்கும் செடிக்கும், 60 கோடி யூரோ ஒதுக்கியிருந்தார்கள். விற்றுமுதல் எவ்வளவு விழுந்தது என்று பார்த்துக் கொடுக்கிற முறை.

அமெரிக்கக் கதை இன்னும் சுவாரசியம். அங்கே ஏப்ரலில் 1,600 கோடி டாலர் விவசாயிகளுக்கு நேரடிப் பணம் என்று அறிவித்தார்கள். மே 26 முதல் விண்ணப்பம் வாங்கினார்கள். முதல் பட்டியலில் நர்சரிச் செடியும் கொய்மலரும் இல்லை! அங்கேயும் அதே கதை. ஆனால் அந்த ஊர் நர்சரிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, எங்களுக்கு என்ன நஷ்டம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், ஆகஸ்டில் அரசு சேர்த்துவிட்டது. செப்டம்பரில் இரண்டாவது சுற்று, 1,400 கோடி டாலர் வரை. அதில் நர்சரிக்கு வைத்த கணக்குதான் எனக்குப் பிடித்தது. ஏக்கரும் இல்லை, செடி எண்ணிக்கையும் இல்லை. 2019-இல் எவ்வளவுக்கு விற்றாய்? முதல் 50,000 டாலர் வரைக்கும் அதில் 10.6 சதவீதம், அதற்கு மேல் போகப் போகச் சதவீதம் குறைந்து, பத்து லட்சம் டாலரைத் தாண்டிய பகுதிக்கு 8.8. ஒருவருக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். 2019-இல் விற்பனையே இல்லாத புது ஆள் என்றால் 2020 விற்பனையைக் காட்டலாம். விண்ணப்பத்தில் நீயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், கேட்டால் ஆதாரம் காட்ட வேண்டும்.

நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 2019-இல் நர்சரி விற்பனை மட்டும் 14 லட்சம். அந்த ஊர்க் கணக்கில் 1,48,400 ரூபாய். நாத்தனார் ஊர்க் கணக்கில் பாலிஹவுஸ் அரை ஏக்கருக்கு 5,000, நர்சரிக்கு ஒன்றும் இல்லை. நம் ஊர்க் கணக்கில் இரண்டுக்குமே ஒன்றும் இல்லை.

இந்தக் காகிதத்தை வீட்டுக்காரரிடம் காட்டியபோது ஆரம்பித்த சண்டைதான் மேலே சொன்னது. அவர் கட்சி என்னவென்றால், விற்பனைக் கணக்கை நம்பிப் பணம் கொடுத்தால் நம் ஊரில் ஒரு வாரத்தில் ஊருக்கு நூறு நர்சரி முளைக்கும், எல்லோரிடமும் கோடி ரூபாய் ரசீது இருக்கும் என்பது. "ரெண்டாயிரத்துக்கே அஞ்சு லட்சம் பேர் பொய்யா சேர்ந்தாங்க. லட்சம்னா விடுவாங்களா? நிலம்னா ஓடிப்போகாது, அளந்து பார்க்கலாம்."

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவிலேயே அந்தத் திட்டத்தில் மொத்தம் 3,000 கோடி டாலருக்கு மேல் போன பிறகு, வாங்கியவர்களின் ஆதாரத்தைச் சரிபார்த்தது போதாது என்று அவர்களுடைய தணிக்கை அலுவலகம் 2022-இல் எழுதியது. இன்னொரு ஓட்டையும் அதில் உண்டு, இதை வீட்டுக்காரர் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். 2019 விற்பனையைத்தான் கேட்டார்களே தவிர, 2020-இல் நஷ்டம் வந்ததா என்று நர்சரிக்காரரிடம் காட்டச் சொல்லவில்லை. வீட்டில் அடைந்து கிடந்த ஜனங்கள் எல்லாம் அந்த வருஷம் தோட்டம் போட ஆரம்பித்து, செடி வாங்கித் தள்ளினார்கள். லாபம் பார்த்தவரும் பத்து சதவீதம் வாங்கியிருப்பார்.

அதெல்லாம் இங்கேயும் நடந்ததுதான். ஜூலைக்கு மேல் பெங்களூருக்காரர்கள் பால்கனிக்கு ரோஜா கேட்டு வந்தார்கள். கவர் இருபது ரூபாய்க்கு விவசாயிக்குக் கொடுக்கிற செடியைத் தொட்டியில் வைத்து நூறு, நூற்றிருபது என்று கொடுத்தோம். ஆனால் ஒருவர் வாங்குவது மூன்று செடி, நான்கு செடி. அப்படி விற்று எத்தனை ஆயிரம் கவரைக் காலி செய்வது? வயலுக்குப் போக வேண்டியதில் பாதிக்கு மேல் முற்றிப் போய், அந்த வருஷக் கடைசியில் கிழித்துப் போட்டோம். மண்ணை மட்டும் சலித்து எடுத்துக்கொண்டோம்.

என் கட்சி இதுதான். நிலம் ஓடிப்போகாது, சரி, ஆனால் அந்த நிலத்துக்காரர் பெங்களூரில் இருக்கிறார், கவரைத் தூக்கி வைத்தது நாங்கள். விற்பனையை மட்டும் நம்ப வேண்டாம். உரிமம் இருக்கிற நர்சரி, பதிவேடு இருக்கிற நர்சரி, ஊரடங்குக்கு முன்பே ஒரு தடவையாவது ஆய்வுக்கு ஆள் வந்து கையெழுத்துப் போட்ட நர்சரி என்று வைத்துக்கொண்டால் நேற்று முளைத்தவன் உள்ளே வர முடியாது. விற்பனையில் ஐந்து சதவீதம், உச்சவரம்பு ஐம்பதாயிரம் என்று வைத்தாலும் போதும், ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கு இரண்டு மாதக் கூலி அதில் வந்திருக்கும்.

"அப்படி வெச்சா உரிமம் இல்லாத சின்ன நர்சரிக்காரன் என்ன பண்ணுவான்? ரோட்டோரம் நூறு செடி வெச்சு விக்கிறவனுக்குத்தானே அடி அதிகம்?" என்று கேட்டார். அதற்கு இன்னும் என்னிடம் சரியான பதில் இல்லை. பின்னூட்டத்தில் யாராவது சொன்னால் அவரிடம் காட்டுவேன்.